துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு துணை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் தொடங்கி ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். அதன் கரையூர்களில் ஒன்றான தோணிரேவின் பெயரில் தமிழ்த் தோணியும், படகுத்துறையைக் குறிக்கும் தெலுங்கு ரேவும் இணைந்திருப்பது அந்த எல்லைப்புறத்தின் இயல்பைக் காட்டுகிறது. மீனும் நண்டும் இறாலும் பிடித்து வாழும் இவ்வூர்களில் அரசு மருத்துவத்தின் முதல் முகமாக இருப்பவர் மருத்துவர் அல்லர். வெளியூரிலிருந்து பணிக்கு வந்து, மக்களால் நர்சம்மா என்று அழைக்கப்படும் செவிலியரே. அவரைத் தேர்வு செய்யும் வாரியமும், இடம் ஒதுக்கும் கலந்தாய்வும், ஊதியம் வழங்கும் அலுவலகமும் அவரை எப்போதும் ஒற்றை ஆளாகவே எண்ணுகின்றன. ஆனால் ஊர் மாறி ஊர் செல்லும் செவிலியருள் பலர் தனியே செல்ல விரும்புவதில்லை. படிப்புக் காலம் முதல் பழகிய தோழி ஒருவருடன் ஒரே ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ செல்லவே முயல்கிறார்கள். இம்முயற்சியைத் தனிப்பட்ட விருப்பம் என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது பணியின் இயல்பே இரண்டு பேரைக் கேட்கிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வி மிகத் தெளிவாக வடிவம் பெற்றிருப்பது அமெரிக்காவில்தான். ஆள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனைக்கு, பொதுவாக 13 வார ஒப்பந்தத்தில், ஆளனுப்பும் முகமை ஒன்றின் வழியாகச் சென்று, காலம் முடிந்ததும் வேறு ஊருக்கோ வேறு மாநிலத்துக்கோ பெயர்பவரை அங்கே பயணச் செவிலியர் என்று அழைக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமத்தை மற்ற உறுப்பு மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, பின்னர் படிப்படியாக விரிந்ததால், இவ்வகைப் பெயர்ச்சி மேலும் எளிதாயிற்று. தோழியர் இருவர் ஒரே மருத்துவமனைக்குச் சேர்ந்து விண்ணப்பிப்பதும், வீட்டை ஒன்றாக வாடகைக்கு எடுப்பதும் அங்கு வழக்கமானவையே. ஆயினும் ஒப்பந்தம் தனித்தனியாகவே கையெழுத்தாகிறது. ஒருவருடைய ஒப்பந்தம் இடையில் முறிந்தால் மற்றவர் தம் காலத்தை முடித்தே தீர வேண்டும். இருவருக்கும் ஒரே பிரிவில் ஒரே நேரப் பணி கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. சேர்ந்து வருவது அவர்களுடைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் காக்க வேண்டிய பொறுப்பை வேறு எவரும் ஏற்பதில்லை. இந்தியாவில் உரிம நிலை இன்னும் இறுக்கமானது. 1926-ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுத் துணைவியர் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாட்டு மன்றத்தில் பதிவு செய்தவர், இதே ஏரியின் ஆந்திரக் கரையில் பணியாற்ற வேண்டுமானால் அம்மாநில மன்றத்தில் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பயணச் செவிலியர் என்ற பெயர் இல்லையே தவிர, அந்த வாழ்க்கை உண்டு. 2012-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015-இல் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. தொகுப்பூதியம் என்பது படிகளோ ஆண்டு உயர்வோ இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுக்கும் முறை. அன்றைய தொகை மாதம் 7,700 ரூபாய். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, சொந்த ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டிய ஒருவருக்கு அத்தொகை எதற்குப் போதும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அவர்கள் திரண்டு போராடியதற்கு ஊதியமும் பணி நிரந்தரமும் காரணங்களாயிருந்தன. கொரோனாக் காலத்தில் 2020-இல் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்களுள் 2,300-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. தொடர்ந்த போராட்டத்துக்கிடையே, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழியாக மாதம் 18,000 ரூபாய்க்கு மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது. காலக்கெடுவுள்ள ஒப்பந்தம், அறியாத ஊர், நிச்சயமில்லாத அடுத்த ஊர் என்ற மூன்றும் அமெரிக்கப் பயணச் செவிலியருக்கும் இவர்களுக்கும் பொதுவானவை. அமெரிக்கச் செவிலியர் ஊர்ப்பெயர்ச்சியைக் கூடுதல் ஊதியத்துக்காகத் தாமே தேர்ந்தெடுக்கிறார் என்பதும், தமிழ்நாட்டுச் செவிலியர் நிரந்தரப் பணி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குறைந்த ஊதியத்துக்கு அதை ஏற்கிறார் என்பதும் இருவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இவ்வேறுபாட்டினாலேயே தோழமை இங்கே அதிகம் தேவைப்படுகிறது. அறை வாடகையையும் முன்பணத்தையும் சமையலையும் இருவர் பகிர்ந்துகொண்டால்தான் அந்த ஊதியத்தில் வெளியூர் வாழ்க்கை நடக்கும்.

செவிலியரை ஒற்றை ஆளாக எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடினால், அது பற்றாக்குறையின் கணக்கிலிருந்து வந்தது என்பது புலப்படும். 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, அன்றைய இந்தியாவில் ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. அந்நிலையில் ஓரிடத்துக்கு இருவர் என்பது நினைத்தும் பார்க்க முடியாத ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். ஆனால் 1973-இல் கர்த்தார் சிங் குழு, பல்நோக்குப் பணியாளர் முறையை வகுத்தபோது, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஓர் ஆண் பணியாளரும் ஒரு பெண் பணியாளரும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது கிராமத்து மருத்துவப் பணியின் அடிப்படை அலகு இணை என்பதை அது ஏட்டளவில் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் ஆண் பணியிடங்கள் நாட்டின் பல பகுதிகளிலும் நிரப்பப்படாமல் போக, தடுப்பூசியும் கர்ப்பிணி கவனிப்பும் குடும்பநலமும் பதிவேடும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் தலையிலேயே ஏறின. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், துணை நிலையத்துக்கு இரண்டாவது செவிலியர் ஒருவரை ஒப்பந்த முறையில் அமர்த்த இடமளித்தது, முன்னர் விட்டுப்போன அந்த இணையை வேறு வழியில் மீட்கும் முயற்சியே. சமவெளியில் 5,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது விதி. இவ்விதி தலைகளை எண்ணுகிறதே தவிர, அத்தலைகளுக்கு நடுவே கிடக்கும் நீரையும் சேற்றையும் எண்ணுவதில்லை. துணை சுகாதார நிலையம் என்ற பெயரில் உள்ள துணை என்ற சொல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கீழ்ப்பட்டது என்ற பொருளைத் தருகிறது; வழித்துணை, பேச்சுத்துணை என்னும்போது அதே சொல் தரும் பொருளுக்கு அந்தக் கட்டடத்தில் இடம் கிடைக்கவில்லை.

இணையின் தேவை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் பிரசவ அறை என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்ப்பதற்காகத் தமிழ்நாடு மூன்று செவிலியர் முறையைக் கொண்டுவந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என மூவர் சுழற்சியில் நின்றதால் நிலையத்தின் கதவு எந்நேரமும் திறந்திருந்தது. அதன் பயன் மிகப் பெரிது. 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் மருத்துவ நிலையங்களில் நடக்கும் பிரசவம் 99 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. குப்பத்துக் குடிசையில் மருத்துவச்சியின் கையில் நடந்துவந்த பேறு, விளக்கும் மருந்தும் உள்ள அறைக்கு வந்து சேர்ந்தது. இச்சாதனையை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்பதன் மறுபக்கம், நள்ளிரவில் அந்த அறையில் பயிற்சி பெற்ற கை ஒரே ஒரு சோடி என்பதே.

பிரசவத்தில் குழந்தை வெளிவந்த கணத்திலிருந்து நோயாளிகள் இருவராகிவிடுகிறார்கள். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றூட்டம் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் கற்பிக்கப்படும் பாடம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதை மட்டுமே கவனிக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது பச்சிளங்குழந்தை உயிர்ப்பூட்டலுக்கான நெறி. அதே சில நிமிடங்களில் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும், நஞ்சு முழுமையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். கருப்பை சுருங்காமல் உதிரப்போக்கு தொடங்கினால் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்திப் பிசைந்துகொண்டே நரம்பில் நீரேற்றவும், 108 வண்டிக்குச் சொல்லவும், பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ தகவல் கொடுக்கவும் வேண்டும். இவற்றைத் தனியொருவர் செய்து முடித்த இரவுகள் ஏராளம். அவை அச்செவிலியரின் திறமைக்குச் சான்று, ஏற்பாட்டின் நிறைவுக்குச் சான்றல்ல. எளிய கணக்கு ஒன்றும் இங்கு போட வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் 21 பணிமுறைகள் உள்ளன. வார விடுப்பு நீங்கலாக ஒருவர் ஆறு பணிமுறைகள் பார்ப்பார் எனில், எந்நேரமும் ஒருவர் இருக்கவே மூன்றரைப் பேர் தேவை. ஆகவே மூவர் என்பது வார விடுப்புக்கே போதாத எண். இரவில் மட்டும் இருவர் என்றாலும் பணிமுறைகள் 28 ஆகி, ஐவர் தேவைப்படுகிறார்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு பணியிடங்களே இக்கேள்வியின் பண மதிப்பு.

இந்த ஏரியின் மீனவர்கள் இதற்கு ஒப்பான சிக்கல் ஒன்றைப் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்திருக்கிறார்கள் என்பது கவனத்துக்குரியது. பழவேற்காட்டில் பாடு என்று வழங்கும் முறையின்படி, முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளம் மிக்க நீர்ப்பகுதிகள் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் வலைக்குழுக்களுக்கு முறைவைத்துச் சுழற்சியில் ஒதுக்கப்படுகின்றன. இன்று வளமான இடம் பெற்ற குழு நாளை வேறிடம் செல்கிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் குழு மாறுவதில்லை. வலையை நட்டு வளைத்து இழுக்கும் வேலைக்கு ஒருவர் கை மற்றவர் கையை அறிந்திருக்க வேண்டும் என்பதால், இடத்தைச் சுழற்றும் அம்முறை ஆட்களைப் பிரித்துச் சுழற்றவில்லை. பாடு முறையில் இடம் கிடைக்காத ஊர்களும் சமூகங்களும் உண்டு. அம்முறை யாரை வெளியே நிறுத்துகிறது என்ற வழக்கு பழையது, நியாயமானது. அக்குறை ஒருபுறமிருக்க, சுழற்சியும் தோழமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது நிறுவுகிறது. செவிலியர் இடமாறுதலை வகுப்பவர்களோ, சுழற்சி என்றாலே ஆளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது என்று பொருள்கொண்டிருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்ற கோணத்தில் இக்கேள்விக்குச் சட்டமே விடை சொன்ன நாடு ஆஸ்திரேலியா. தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்நிலப் பழங்குடிப் பகுதியில் ஃப்ரெகன் என்ற சிற்றூரில் பணியாற்றிய கெயில் உட்ஃபோர்டு என்ற செவிலியர் 2016 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த குரலின் விளைவாக 2017-இல் நிறைவேறி 2019-இல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டம், தொலைதூர ஊர்களில் வேலை நேரத்துக்குப் பின் அழைப்பு வந்தால் செவிலியர் தனியே செல்லக்கூடாது, இரண்டாம் ஆள் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்று விதித்தது; மக்கள் அதைக் கெயில் சட்டம் என்றே அழைக்கிறார்கள். அந்த இரண்டாம் ஆள் செவிலியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; வழியும் ஊரும் அறிந்த உள்ளூர்வாசி ஒருவராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம், தாக்கியவரைத் தண்டிக்கிறது. ஆனால் தாக்கப்படக்கூடிய நிலையில் ஒருவரைத் தனியே அனுப்பாதே என்று எவருக்கும் கட்டளையிடவில்லை. குற்றம் நடந்தபின் பேசும் சட்டத்துக்கும் நடக்கும் முன் பேசும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இது. பழவேற்காட்டுச் சூழலில் மனிதரைவிட நீரே பெரிய அச்சம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து உல்லாசப் பயணிகள் 22 பேர் இறந்தனர். ஆழமற்ற இவ்வேரியில் முகத்துவாரம் தூர்ந்து நீர் வற்றினால் படகு சேற்றில் தட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு பெருகி வந்தால் நீரோட்டம் திசை மாறும். அத்தகைய நாட்களில் தடுப்பூசிப் பெட்டியுடன் தனியே படகேறும் ஒருவருக்கு இரண்டாம் ஆளாக அமைபவர் பெரும்பாலும் படகுக்காரரே.

பிரம்மபுத்திராவின் மணல்தீவுகளுக்குச் செல்லும் அசாமின் படகு மருத்துவமனைகள் இதை வேறு வகையில் கையாள்கின்றன. வடகிழக்கு ஆய்வு மற்றும் கொள்கை மையம் 2005-இல் திப்ருகரில் ஆகா என்ற படகுடன் தொடங்கிய அத்திட்டத்தில், மருத்துவர், செவிலியர், துணைச் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், படகோட்டிகள் அனைவரும் ஒரே குழுவாகப் பல நாட்கள் நீரிலேயே தங்கித் தீவுதீவாகச் செல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வாகனத்தில் வீடுதேடிச் செல்கிறார்கள். உள்ளூர் மகளிர் தன்னார்வலர் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறார். படுத்த படுக்கையாயிருக்கும் நோயாளியைப் புரட்டவும் தூக்கவும் ஒருவரால் இயலாது என்பது வெளிப்படையாகத் தெரிவதால் அங்கே இணை எளிதாக ஏற்கப்பட்டது. பிரசவமும் அவசர சிகிச்சையும் அதே அளவு வெளிப்படையானவை என்றே கருத வேண்டும்.

இரண்டாம் ஆள் தேவை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அந்த ஆள் தோழியாகத்தான் இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. இதில் இரு பக்கமும் வலுவுண்டு. மருத்துவமனைகளில் இன்சுலின், ஹெப்பரின், மக்னீசியம் சல்பேட் போன்ற, அளவு தவறினால் பெருங்கேடு விளைவிக்கும் மருந்துகளைக் கொடுக்கும்முன் இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும் என்ற நடைமுறை உள்ளது. சுயேச்சையான இரட்டைச் சரிபார்ப்பு எனப்படும் இதன் உயிர் சுயேச்சையில் இருக்கிறது. தோழி போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே கையெழுத்திடும் இடத்தில் அம்முறை செத்துப்போகிறது. ஒருவர் செய்த பிழையை மற்றவர் நட்பின் பொருட்டு மறைக்கும் அபாயமும், புதிதாக வந்த இருவர் ஒருவரையொருவர் மட்டுமே சார்ந்து பழைய பணியாளருடன் ஒட்டாமல் தனிக்கூட்டாக நிற்கும் அபாயமும் உண்மையானவை. பணித் தலைமையிலுள்ள மூத்த செவிலியர் பலர் தோழியரை ஒரே பிரிவில் போடத் தயங்குவதற்கு இவையே காரணம். அத்தயக்கத்தைப் பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

மறுபுறம், அறியாத ஊரில் பிழையை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரவுப் பணியில் ஒரு குழந்தை இறந்துபோனால், அடுத்த நாள் காலை அறைக்குத் திரும்பும் செவிலியர் அதை யாரிடம் சொல்வார் என்பது எந்தப் பணிவிதியிலும் இல்லாத கேள்வி. பெற்றோரிடம் சொன்னால் வேலையை விட்டு வந்துவிடு என்பார்கள். மேலதிகாரியிடம் சொன்னால் அது விளக்கக் கடிதமாக மாறும். தொழில் தெரிந்த, தீர்ப்புச் சொல்லாத ஒருவரிடம் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போதுதான், எந்த நிமிடத்தில் வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்பது சொல்பவருக்கே தெளிகிறது. ஆகையால் தோழமை தவறை மறைக்கவும் உதவலாம், தவறிலிருந்து கற்கவும் உதவலாம். எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பவை இருவரின் குணமும் அந்த நிலையத்தின் பணிப்பண்பாடுமே. ஒரே ஊர், ஒரே அறை, ஆனால் வெவ்வேறு பிரிவு அல்லது அடுத்தடுத்த நிலையம் என்ற ஏற்பாடு இரு பக்கத்து நியாயங்களையும் பெருமளவு நிறைவேற்றுகிறது என்பதே இக்கட்டுரையின் முடிபு. பழவேற்காட்டுப் பகுதிக்கு இது பொருந்தியும் வருகிறது: கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டி மீஞ்சூரையும் பொன்னேரியையும் சென்னையோடு இணைப்பதால், அவ்விரு ஊர்களில் ஒன்றில் அறை எடுத்துக்கொண்டு, ஒருவர் பொன்னேரிக்கும் மற்றவர் பேருந்தில் ஏரிக்கரைக்கும் செல்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

இருவரும் சேர்ந்து செல்வதால் நட்புக்கே வரும் இடர்களையும் குறிப்பிட வேண்டும். ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு என்று மாதக்கணக்கில் அமைந்தால், ஒரே அறையில் இருந்தும் ஒருவர் தூக்கத்தை மற்றவர் கெடுப்பதே மிச்சமாகும். பணி நிரந்தரம் முன்னுரிமைப் பட்டியலின் வரிசைப்படி வருவதால், ஒரே நாளில் சேர்ந்தவர்களுள் ஒருவர் காலமுறை ஊதியத்துக்குச் சென்றபின்பும் மற்றவர் தொகுப்பூதியத்தில் நிற்க நேரலாம். அறை வாடகையைச் சரிபாதியாகப் பிரிப்பது அப்போது முன்போல் எளிதாயிராது. திருமணம் ஒருவரை வேறு மாவட்டத்துக்கு இழுக்கிறது. முன்பணம் யார் பெயரில், ஒருவர் இடையில் விலகினால் அறையின் வாடகை யார் பொறுப்பு என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நட்பின்மீது நம்பிக்கையின்மை ஆகாது.

வெளிநாட்டுப் பணியில் இணையின் மதிப்பு வேறொரு அளவில் தெரிகிறது. 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரை இஸ்லாமிய அரசு அமைப்பு கைப்பற்றியபோது, அங்குள்ள மருத்துவமனையில் பணியாற்றிய 46 இந்தியச் செவிலியர் வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொண்டனர். பெரும்பான்மையோர் கேரளத்தவர், தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே நாட்களைக் கழித்து, பின்னர் மொசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, எர்பில் வழியாக ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சி வந்து இறங்கினார்கள். சென்ற 46 பேரும் ஒன்றாகவே திரும்பினார்கள் என்பது அந்நிகழ்வில் மனங்கொள்ளத்தக்கது. அவர்களுள் பலர் முகவர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனோடு சென்றவர்கள் என்பது அப்போது வெளிவந்தது. அடுத்த ஆண்டு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசுசார் முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டில் அப்பொறுப்பு 1978-இல் நிறுவப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு வந்தது. முகவரின் ஏமாற்றைத் தடுக்க இது உதவியிருக்கிறது. எனினும் புதிய நாட்டில் ஒப்பந்தத்தைச் சேர்ந்து படித்துப் பொருள் காணவும், கடவுச்சீட்டை எவரேனும் பிடித்துவைத்தால் வெளியில் சொல்லவும் உடனிருக்கும் ஒருவரைப்போல் எந்த அலுவலகமும் ஆக முடியாது.

தோழியோடு புறப்படும் வழக்கம் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றுக்குப் புதிதும் அன்று. வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் படிப்பை முடித்து 1900-இல் இந்தியா திரும்பியபோது தனியே வரவில்லை. ஆனி ஹான்காக் என்ற தோழியும் உடன் வந்தார். மருத்துவம் படிக்காத அத்தோழி வேலூரின் வீடுகளுக்குள் சென்று பெண்களோடு பழகினார். பெண்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்கிய காலத்தில் அப்பழக்கத்தின் பயன் சிறிதன்று. பிற்காலத்தில் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்த்த ஸ்கடரின் சாலையோர மருத்துவமும் குழுவாகச் சென்ற பணியே.

இனி விதிகளின் பக்கம் வரலாம். அரசுப் பணியில் இணையாக ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை விதிகள் அடியோடு மறுப்பதில்லை. கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியாளராயின் இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-இல் நெறி வகுத்து 2009-இல் அதை மேலும் வலுப்படுத்தியது. மனமொத்த மாறுதல் என்ற பெயரில், வெவ்வேறு இடங்களிலுள்ள இருவர் தம் பணியிடங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. இருவர் மனம் ஒத்து இடம் மாறிக்கொள்ள வழியுள்ளபோது, இருவர் மனம் ஒத்து ஒரே இடத்துக்குச் செல்ல வழியில்லை என்பது விந்தையான விடுபாடு. திருமணமாகாத இளஞ்செவிலியரே தொலைதூர ஊர்களுக்கு மிகுதியாகச் செல்கிறார்கள்; திருமண உறவை மட்டும் அறிந்த விதி அவர்களுக்கு உதவுவதில்லை.

அமெரிக்காவில் இளம் மருத்துவர்களைப் பயிற்சி இடங்களுக்கு ஒதுக்கும் தேசியப் பொருத்தத் திட்டம் 1980-களில் இணை விண்ணப்பத்துக்கு இடமளித்தது. தம்பதியர் பொருட்டு வந்த அவ்வசதியைப் பயன்படுத்த அத்திட்டம் திருமணச் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. எந்த இருவரும் இணையாகப் பதிந்துகொண்டு, இருவருக்குமான இடங்களைச் சோடி சோடியாக வரிசைப்படுத்தித் தரலாம். பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற ஆல்வின் ராத் இத்திட்டத்தின் கணிப்புமுறையைத் திருத்தியமைத்தபோது, இணைகளால் எழும் சிக்கலே அவர் எதிர்கொண்ட கடினமான பகுதிகளுள் ஒன்றாயிருந்தது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்வதே இங்குள்ள முறை. இணையாகப் பதிந்த இருவருள் முன்வரிசையில் உள்ளவர் தம் முறையை விட்டுக்கொடுத்து, பின்வரிசையில் உள்ளவரின் எண் வரும்போது இருவரும் ஒன்றாக மேசைக்கு வரலாம் என்று ஒரு விதி சேர்த்தால், இருவருக்கும் இடையிலுள்ளவர்களுக்கு ஒரு இடம் முன்கூட்டியே கிடைக்கும். பின்னுள்ளவர்களுக்கு முன்பு தேர்ந்தெடுப்போரின் எண்ணிக்கை மாறாது. எவருடைய முன்னுரிமையும் பறிபோவதில்லை. அப்படி இறுதியில் வரும் இருவருக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட இடங்களே: மலையூர்கள், தீவூர்கள், பேருந்து குறைந்த ஏரிக்கரைகள். தனியே போவதென்றால் தயங்கும் அவ்விடங்களின் பட்டியலை, இருவராக வந்து நிற்பவர்கள் மேசைமேல் விரித்துப் பார்ப்பார்கள்.